பின்னோக்கி இறங்கிய பதினேழு லாரிகள்

போன வருடம் ஜூன் மாதத் தொடக்கத்தில், மணாலியிலிருந்து லே போகும் மலைப் பாதையில் நடந்தது இது. மூன்று வண்டிகளில் ஐந்து பேர் போனோம். எங்கள் முதலாளி, அவருடைய நண்பரான உப்பள அண்ணாச்சி, துபாயில் தொழில் செய்யும் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர், முதலாளியின் வண்டியை ஓட்ட என் அக்கா வீட்டுக்காரர், காகித வேலைக்கும் எடுபிடி வேலைக்கும் நான். வருவதாகச் சொல்லி வராமல் போனவர் ஒருவர் உண்டு. அவர் முதலாளியோடு பள்ளியில் படித்த டாக்டர். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அவருக்கு ஏதோ அவசரம் வந்துவிட்டது. அவர் மட்டும் வந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் துறைமுகச் சரக்குகளை அனுப்பவும் எடுக்கவும் உதவும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பாதி நாள் மேஜையில், பாதி நாள் துறைமுக கேட் வாசலில். வடக்கிலிருந்து வரும் லாரிகளை வரிசையில் நிறுத்தி, காகிதம் சரிபார்த்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. சொந்த ஊர் தருவைகுளம். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர்கள். பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் ரேஷன் கார்டில் திருத்தம் என்றாலும் பேங்க் பாரம் என்றாலும் வீட்டில் என்னிடம்தான் வரும். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை நிறையவே இருந்தது.

அத்தானும் பத்து வருடம் சங்கு குளித்தவர். காதில் தொந்தரவு வந்து, இனி தண்ணீருக்குள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு கார் ஓட்டப் பழகினார். லைசென்ஸுக்கு எழுதிக் கொடுத்தது நான். முதலாளியிடம் சொல்லி டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான். இந்தப் பயணத்துக்கு, “மலையில ஓட்டுத அளவுக்கு நிதானம் அத்தானுக்குத்தான் உண்டு” என்று முதலாளியிடம் சிபாரிசு செய்ததும் நானேதான். கிளம்பும்போது அக்கா என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. “குளிர் சட்டை ஒண்ணும் வாங்கியாராண்டாம். அவுகள நல்லபடியா கூட்டிட்டு வா, போதும்” என்றாள்.

வண்டிகளைக் கார் ஏற்றும் பெரிய லாரியில் சண்டிகர் வரை அனுப்பிவிட்டு நாங்கள் விமானத்தில் போனோம். மூன்றும் உயர்ந்த ரக வண்டிகள். ஒரு வண்டியின் விலையில் எங்கள் தெருவில் உள்ள ஓட்டு வீடுகளை எல்லாம் மாடி வீடாக்கிவிடலாம். உட்காரும் இடம் தானாகச் சூடாகும். கண்ணாடிக் கூரை வழியாக வானம் தெரியும். இருக்கையில் சூடு ஏறியதும் அத்தான் முதல் நாள் பதறிப்போய், “ஏலே மாப்ள, வண்டிக்குக் காச்சலா?” என்றார். அதைச் சொல்லிச் சொல்லி மூன்று முதலாளிகளும் மணாலி போய்ச் சேரும்வரை சிரித்தார்கள்.

வராமல் போன டாக்டர் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துபோகும். பத்தாயிரம் அடி உயரத்தில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். தலைவலியோ இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடனே கீழே இறங்க வேண்டும். கூடவே ஆளுக்கு ஒரு அட்டை மாத்திரை. அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் போகும், பயப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். இதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தவன் நான். வாசித்து முடித்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மணாலி தாண்டி மலையைக் குடைந்த நீண்ட சுரங்கப் பாதைக்குள் நுழைந்தோம். இந்தப் பக்கம் பச்சை, மழைத் தூறல், ஆப்பிள் தோட்டங்கள். சுரங்கத்தின் மறுவாயில் வெளியே வந்தால் வேறு உலகம். ஒரு மரம் கிடையாது. கல்லும் பனியும் வானமும் மட்டும். மலை என்றால் எங்களுக்குக் குற்றாலம், மிஞ்சிப்போனால் கொடைக்கானல். அதுவரை எதிரில் உள்ளதைப் பார்த்துப் பழகிய கண்ணை, கழுத்து வலிக்கும்வரை தூக்கினாலும் உச்சி கிடைக்கவில்லை. முதலாளி ஒருமுறை “ஆண்டவா” என்றார். அவர் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல்தான். இது வேறு மாதிரி இருந்தது.

வண்டிகளை ஓரங்கட்டி இறங்கினோம். உப்பள அண்ணாச்சி இடுப்பில் கை வைத்துப் பனியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏலே, நம்ம பாத்தியில குவிச்ச உப்ப எவன்லே இங்கன கொண்டாந்து கொட்டுனான்?”

“கொட்டுனது கெடக்கட்டும். இத அள்ளுறதுக்கு உம்மகிட்ட ஆளு இருக்கா?” என்றார் காயல்பட்டினத்து நண்பர். அவரை நான் காக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

“அவரு குடுக்க கூலிக்கு இங்கன எவன் வாரான்?” என்றார் முதலாளி.

அத்தான் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்ள, பத்துப் பாகம் தண்ணிக்குள்ள இருந்து மேல பார்த்தா இந்த நீலம்தான் தெரியும்” என்றார். பாகம் என்பது கடலில் ஆழத்தைச் சொல்லும் கணக்கு. நான் சங்கு குளித்ததில்லை. என் அப்பாவும் அத்தானும் இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பது, கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வந்து எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பத்தாயிரம் அடியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தங்கினோம். இரண்டு இரவு தங்க வேண்டிய இடம். முதல் இரவு முடிந்ததும் முதலாளி, “எல்லாரும் கல்லு மாதிரிதான இருக்கோம். இன்னொரு நாள் உக்காந்து என்ன செய்ய?” என்றார். யாரும் மறுக்கவில்லை. அத்தான் விடியும்போது லேசாக இருமினார். “என்ன அத்தான்?” என்றேன். “குளிருல்லா” என்றார். டாக்டரின் தாள் என் பையில்தான் இருந்தது.

காலையில் கிளம்பும்போது குளிர் கோட்டுக்கு மேலே துறைமுகத்தில் போடும் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். வெள்ளிப் பட்டை வைத்தது, தூரத்திலேயே மின்னும். அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்; நாலு வருடமாகப் போட்டுப் போட்டு அது இல்லாவிட்டால் வேலையில் இருப்பதாகவே தோன்றாது. “இங்கன எவம்லே கேட் பாஸ் கேக்கான்?” என்று முதலாளி கேலி செய்தார். பனியில் நான் எங்கே நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும் என்றேன்.

பாதை வளைந்து வளைந்து ஏறியது. காலை பத்து மணி வாக்கில், கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, அகலமான ஒரு வெட்டவெளியில் லாரிகள் ஒதுங்கி நின்றன. அரிசி, சிமென்ட், காய்கறி, கேஸ் சிலிண்டர் என்று மேலே இருப்பவர்களுக்குப் போகும் சரக்கு. டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதையின் நடுவில் ஒரு தகர டிரம். அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மேலே பனியை அள்ளி வழி திறக்கிறார்கள், முடிந்ததும் ஆள் வந்து டிரம்மை எடுப்பான் என்பது பார்த்தாலே புரியும். கேட் வாசலில் நிற்கும் எனக்குப் புரியாதா?

“போய் என்னன்னு பாருலே” என்றார் முதலாளி.

இறங்கிப் போனேன். லாரிகளைப் பார்த்ததும் கால் தானாக கேட் நடை நடந்தது. டிரம்மை ஓரமாக உருட்டினேன். கையை ஆட்டி எங்கள் மூன்று வண்டிகளையும் போகச் சொன்னேன். ஒரு டிரைவர் எழுந்து நின்று எனக்கு சலாம் வைத்தார். என் ஜாக்கெட்டைப் பார்த்துச் சாலை வேலை செய்பவன் என்று நினைத்துவிட்டார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே நானும் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். வண்டியில் ஏறியதும் முதலாளி, “படிச்ச பய படிச்ச பயதாம்லே” என்று முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் டிரம்மைத் திரும்ப நடுவில் வைக்க வேண்டும் என்பது மறந்துபோனது. எங்கள் துறைமுகத்தில் வரிசையைத் தாண்டி வரும் லாரியை நான் சும்மா விட்டதே கிடையாது.

அங்கிருந்து பாதை பனியைக் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. மலைப் பக்கம் எங்கள் வண்டியைவிட இரண்டு மடங்கு உயரத்துக்குப் பனிச் சுவர். வெட்டிய இடத்தில் கோடு கோடாக அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு முறை விழுந்த பனி. உள்ளுக்குள் நீலம் தெரிந்தது. மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குப் பனி வரம்பு. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. கீழே ஒரு ஆறு நூல் மாதிரி கிடந்தது. ஒரு லாரிக்கு மட்டுமே இடம். கண்ணாடிக் கூரை வழியே மேலே பார்த்தால் சுவரின் விளிம்பில் பனித் தூள் காற்றில் புகைபோலப் பறந்தது. இதை எல்லாம் உண்டாக்கியவன் மனிதனை மனதில் வைத்து உண்டாக்கவில்லை என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது, பார்த்தது போதவில்லை என்றும் இருந்தது.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். முன்னால் பாதை அடைத்திருந்தது. மேலிருந்து சரிந்த பனியை ஒரு இயந்திரம் அள்ளிக்கொண்டிருந்தது. அங்கே நின்றவர் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்து, யார் விட்டது என்று கத்தினார். மூன்று விரலைக் காட்டினார். மூன்று மணி நேரம் ஆகும். சரி, திரும்பி அந்த வெட்டவெளிக்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. லாரிகள் வந்துகொண்டிருந்தன. டிரம் விலகிவிட்டது, ஜாக்கெட் போட்டவன் வண்டிகளை விடுகிறான், வழி திறந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கிளம்பி வந்துவிட்டார்கள். காக்காவின் வண்டி கடைசி. அதன் பின்னால் மூக்கை ஒட்டி முதல் லாரி நின்றது. அதற்குப் பின்னால் வளைவு முழுக்க லாரிகள். பழக்கத்தில் எண்ணினேன். பதினேழு.

முன்னால் பனி. பின்னால் லாரி. முதலாளிகள் மூவரும் இறங்கிப் படம் எடுக்கப் போனார்கள். நான் அத்தானிடம், “இறங்குதீயளா, டீ இருக்கு” என்றேன். அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் வைத்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காமல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் பொறு என்று. சரி, அலுப்பு, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூச்சு முட்டுகிறவன் கையைக் காலை உதறுவான், கத்துவான் என்றுதான் நாம் நினைப்போம். கடலுக்குள் பழகியவர்கள் அப்படி இல்லை. மூச்சு முட்ட முட்ட அசைவைக் குறைப்பார்கள். பதறினால் இருக்கிற காற்றும் போய்விடும் என்பது அவர்கள் உடம்பிலேயே ஊறியிருக்கும். அத்தான் பதினாறாயிரம் அடி உயரத்தில், இருக்கை சூடாகும் வண்டிக்குள் உட்கார்ந்து, கடலடியில் இருப்பதுபோல் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அதை ஓய்வு என்று நினைத்தேன். சங்கு குளிக்கிற வீட்டில் பிறந்தவன் நான்.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. உதடு நாவல் பழம் தின்றதுபோல் இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம். “அத்தான்” என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து, “மேல இழு மாப்ள” என்றார். சங்கு எடுப்பவர் படகில் கயிறு பிடித்து நிற்பவனிடம் சொல்வது அது. அவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை.

அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை முழுதாக இருந்தது. ஒன்றுகூட எடுக்கவில்லை.

ஸ்ப்ரே பாட்டில் மாதிரி சின்ன ஆக்சிஜன் டப்பா இரண்டு வைத்திருந்தோம். மூக்கில் வைத்து அழுத்தினோம். கால் மணி நேரத்தில் இரண்டும் தீர்ந்தன. டாக்டர் வந்தால் பெரிய சிலிண்டர் கொண்டுவருவதாக இருந்தது. அவர் வரவில்லை, நாங்களும் அதை மறந்துவிட்டோம். இயந்திரத்துப் பக்கம் நின்றவர் ஓடிவந்து பார்த்தார். கீழே, கீழே என்று கையைக் காட்டினார். வேறு மருந்து கிடையாது என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது.

தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம் என்று தார்ப்பாயில் கிடத்தி நான்கு பேரும் தூக்கினோம். அத்தான் நல்ல கனமான ஆள். லாரிக்கும் வரம்புக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். நாற்பது அடிகூடப் போகவில்லை; உப்பள அண்ணாச்சி வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் இருட்டியது. முதலாளி முகம் வெளுத்து, “என்னால ஆவலடா” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தானைக் காக்காவின் வண்டியில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். காக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். “நீ போய்ச் சொல்லு. உனக்குத்தான் லாரிக்காரன்ட பேசிப் பழக்கம்” என்றார் முதலாளி.

முதல் லாரிக்குப் போனேன். பழக்கம் என்றால் என்ன பழக்கம்? எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் கேட் வாசலில் கற்றது. ஆகே, முன்னால் போ. பீச்சே, பின்னால் போ. ருக்கோ, நில். காகஸ் திகாவ், காகிதத்தைக் காட்டு. நான்கு வருடத்தில் நூற்றுக்கணக்கான டிரைவர்களிடம் பேசியிருக்கிறேன். அதில் உத்தரவு போடும் சொல் எல்லாம் இருந்தது. ஒருவரிடம் கெஞ்சிக் கேட்க ஒரு சொல் இல்லை.

கம்பளித் தொப்பியும் அடர்ந்த மீசையுமாக டிரைவர் கீழே இறங்கினார். என்னை அடையாளம் தெரிந்தது. எனக்கு சலாம் வைத்தவரே அவர்தான். என்னையும் முன்னால் அடைத்துக் கிடந்த பனியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜாக்கெட்டைத் தொட்டு, நீ ரோட்டுக்காரன்தானே என்பதுபோல் ஏதோ கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் இறுகியது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மேலே காக்காவின் வண்டியைக் காட்டினேன். என் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மூச்சை நிறுத்தினேன். அந்த உயரத்தில் அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. நெஞ்சு அடைத்துக் கால் மடங்கி, அவர் லாரியின் டயரைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தேன். “ஆக்சிஜன்?” என்றார் அவர். தலையாட்டினேன். பிறகு கீழே கையைக் காட்டி, “பீச்சே” என்றேன். தினமும் அதட்டிச் சொல்லும் அதே சொல். அன்றைக்கு அழுகையோடு வந்தது.

லாரிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. எங்கள் கேட்டில் பத்தடி பின்னால் போகச் சொன்னாலே அடிதடி வரும். இடம் போனால் ஒரு நாள் போயிற்று. இங்கே பத்தடி இல்லை. இரண்டு கிலோமீட்டர், வளைவுகள், சறுக்குகிற பாதை, பக்கத்தில் பாதாளம், முதுகில் பாரம். அதுவும் வரிசையை ஏமாற்றித் தாண்டிப்போனவர்களுக்காக.

அவர் என் பக்கம் குனிந்தார். கையை நீட்டினார். ஜாக்கெட்டைக் கேட்கிறார் என்று புரிந்தது. கழற்றிக் கொடுத்தேன். பள்ளத்தில் எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதை எடுத்துத் தன் கம்பளிச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். பிறகு லாரி லாரியாகக் கீழே நடந்தார்.

அவர் போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு டிரைவர் இறங்கிச் சண்டைக்கு வந்தார். இவர் மேலே கையைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஆள் திரும்பிப் போய் ஏறி உட்கார்ந்தார். கடைசி வளைவுக்கு அப்பால் ஒரு நீண்ட ஹார்ன் கேட்டது. பதினேழாவது லாரி நகரத் தொடங்கியது.

நான் காக்காவின் வண்டிக்கு ஓடினேன். பின் இருக்கையில் அத்தானை என்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். காக்காவும் பின்னோக்கியேதான் எடுக்க வேண்டும். திருப்ப இடமில்லை. பின்கண்ணாடி வழியாக நான் பார்த்ததை உயிருள்ளவரை மறக்க முடியாது. அந்த நீலப் பனிச் சுவரை ஒட்டி, பூவும் மயிலும் வரைந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னோக்கி இறங்கின. ஒவ்வொரு லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஆள், இரண்டு கையிலும் ஒரு பெரிய கல்லைச் சுமந்துகொண்டு பின்னால் பார்த்து நடந்தான். சக்கரம் சறுக்கினால் அந்தக் கணமே கல்லைக் கீழே வைத்துவிடுவான். லாரி நின்று மூச்சு வாங்கும். கல்லைத் தூக்குவான். மறுபடி நகரும். பள்ளத்துப் பக்கச் சக்கரம் பனி வரம்பை அரைத்துக்கொண்டு போகும்போது தூள் ஆற்றைப் பார்த்து உதிர்ந்தது. மீசைக்காரர் தன் லாரியை மாற்று டிரைவரிடம் விட்டிருந்தார். எல்லோருக்கும் நடுவில் என் ஆரஞ்சு ஜாக்கெட் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் செய்தது ஒன்று. அவர் செய்வது ஒன்று.

கழுத்து வலிக்க மலைகளைப் பார்த்தேன் என்று முன்னால் எழுதினேன். அந்த மலைகள் அங்கேயேதான் இருந்தன. அந்த நேரம் அவை என் கண்ணில் படவில்லை.

ஒரு வளைவில் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி பனிச் சுவரில் மோதி நொறுங்கியது. டிரைவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் பின்னால் பார்த்தபடி ஓட்டினார். அத்தானின் மூச்சை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தடவை எண்ண ஒன்றும் இல்லாமல் போனது. “காக்கா” என்றேன். “பேசிக்கிட்டே இருடா அவர்ட்ட” என்றார் அவர் திரும்பாமல். அக்கா சொன்னதை அத்தானின் காதில் சொன்னேன். நல்ல காது எது என்று தேடிச் சொன்னேன். மூச்சு மறுபடி வந்தது.

வெட்டவெளிக்கு வர ஐம்பது நிமிடம் ஆனது. லாரிகள் எல்லாம் ஒதுங்கி எங்களுக்கு நடுவில் வழி விட்டு நின்றன. காக்கா வண்டியைத் திருப்பி இறக்கத்தில் விட்டார். ஆயிரம் அடி இறங்கியதும் அத்தான் இருமினார். நுரை வந்தது. இன்னும் ஆயிரம் அடி இறங்கியதும், “எங்கன இருக்கோம்?” என்று கேட்டார். பிற்பகலில் கீழே இருந்த ஊரின் சிறிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் மேலே இருந்திருந்தால் சொல்வதற்கில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். பத்து வருடம் கடலுக்குள் இருந்தபோது உள்ளே போகாத தண்ணீர், கடலே இல்லாத இடத்தில் அவருக்குள் ஊறியிருந்தது.

சாயங்காலம் அவருக்குப் பேச வந்தது. மாத்திரை ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“அடிக்கடி ஒண்ணுக்குப் போவும்னு நீதான வாசிச்ச. வண்டி ஓட்டுதவன் நொடிக்கொருக்க நிறுத்துனா மொதலாளி என்ன நெனைப்பாக?”

“மூச்சு முட்டுதுன்னாவது சொல்லியிருக்கலாம்லா?”

“தண்ணிக்குள்ள இதவிட முட்டியிருக்கு மாப்ள. தம் புடிச்சா சரியாயிரும்னு நெனச்சேன்.”

முதலாளியும் உப்பள அண்ணாச்சியும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். முதலாளி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தான் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பிறகு, என்னிடமா தனக்குத்தானேயா தெரியாது, சொன்னார்.

“கட்டோட நீட்டுனேம்லே, இருந்தது அம்புட்டையும். அந்த மீசைக்காரன் அதுலேருந்து மூணே மூணு நூறு ரூவாத் தாள உருவி, கண்ணாடி ஒடஞ்சவன்ட குடுத்தான். மிச்சத்த என் பையிலேயே சொருவி விட்டுட்டான். வேற எவனும் கைநீட்டல.”

“ஜாக்கெட்டு?” என்று கேட்டேன்.

“அத அவன் கழட்டவே இல்ல. எங்களுக்குப் பெறகு அந்த டிரம்மத் தூக்கி நடுவுல வச்சுட்டு, பக்கத்துலேயே காவலுக்கு உக்காந்துட்டான்.”

லே போகவில்லை. நான்கு நாள் அந்த ஊரிலேயே இருந்தோம். அத்தானை முன் இருக்கையில் உட்கார வைத்து முதலாளியே வண்டி ஓட்டிக்கொண்டு சண்டிகர் வந்தார். வழியில் பதினோரு தடவை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும், “போயிட்டு வாருமய்யா” என்று அத்தானிடம் அவரே சொன்னார். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிரம் விஷயத்தையும் சேர்த்து. அவள் திட்டவில்லை. ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இப்போதும் கேட் வாசலில்தான் நிற்கிறேன். புதிய ஜாக்கெட் போட்டிருக்கிறேன். காக்காவிடம் போனில் கேட்டு இந்தியில் சில வாக்கியங்கள் எழுதி வைத்துக்கொண்டேன்: எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, கொஞ்சம் தயவு செய்யுங்கள். என் உச்சரிப்பைக் கேட்டு டிரைவர்கள் சிரிக்கிறார்கள்; சிரிக்கட்டும். பாரம் ஏற்றிய லாரி ஒரு நாள் நின்றால் என்ன நஷ்டம் என்று தினமும் கணக்குப் போடுவது என் தொழில். அந்தப் பதினேழு பேருக்கு அன்றைக்கு ஆன நஷ்டத்தை மட்டும் இதுவரை நான் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் அதைக் கட்ட என்னால் ஆகாது. அந்த இறக்கத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆன செலவு மட்டும் எனக்கு மனப்பாடம். என் அக்கா வீட்டு வாசலில் அத்தானின் செருப்பு கிடப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அது நினைவுக்கு வந்து என்னைத் தலைகுனிய வைக்கிறது: உடைந்த கண்ணாடிக்கு முந்நூறு, ஜாக்கெட்டுக்கு நூற்று எண்பது, மொத்தம் நானூற்று எண்பது ரூபாய்.